ஒரே சில்லு, இரண்டு கட்டணம்: மெயின்பிரேமில் கோபோலுக்கு ஒரு விலை, ஜாவாவுக்கு ஒரு விலை ஏன்?

குழித்துறையில் ரயிலேறித் தினமும் கழக்கூட்டத்துக்கு வேலைக்குப் போகிற என் அக்காள் மகள் கேட்ட கேள்வி இது: "மாமா, எங்களைக் கோபோல் பயிற்சியில் போட்டிருக்கிறார்கள். அதே அறையில் இன்னொரு குழு பழைய கோபோல் நிரல்களை ஜாவாவில் மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறது. மெயின்பிரேமில் ஜாவா ஓடினால் செலவு குறைவாம், கோபோல் ஓடினால் கூடுதலாம். ஒரே பெட்டி, ஒரே செயலி. எழுதிய மொழியைப் பார்த்து விலை எப்படி மாறும்? நான் படிப்பது செத்த பாடமா?"

கொஞ்சம் நீளமாகத்தான் சொல்லவேண்டும், மக்களே. (எங்கள் பக்கத்தில் ஒற்றைப் பிள்ளையையும் 'மக்களே' என்றுதான் கூப்பிடுவோம். வெளியூர்க்காரர்கள் மேடைப் பேச்சு என்று நினைத்துவிட வேண்டாம்.) மொழியின் பெயரைச் சரியாக ஒலித்து எழுதினால் 'கோபால்' என்று யார் வீட்டுப் பையனையோ திட்டுவது போல ஆகிவிடுகிறது. ஆகவே நீ எழுதியபடி நானும் கோபோல் என்றே எழுதுகிறேன். பக்கத்தில் நின்று படிப்பவர்களுக்கு ஒரு வரி: மெயின்பிரேம் என்பது வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் கணக்கு ஓட்டும் பெரிய கணினி, கோபோல் அதில் பல பத்தாண்டுகளாக ஓடும் பழைய நிரல்மொழி, ஜாவா அதைவிடப் புதிய நிரல்மொழி.

தக்கலையில் நம் வீட்டு வளாகத்துக்கு மூன்று மின் இணைப்புகள் இருப்பது உனக்குத் தெரியும். வீட்டுக்கு ஒன்று. தோட்டத்துக் கிணற்று மோட்டாருக்கு ஒன்று. சாலையோரம் வாடகைக்கு விட்டிருக்கும் ஜெராக்ஸ் கடைக்கு ஒன்று. மூன்றுக்கும் ஒரே கம்பத்திலிருந்துதான் கம்பி வருகிறது. வீட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், விவசாய மோட்டாருக்குக் காசே இல்லை, கடைக்காரர் மட்டும் ஒவ்வொரு முறையும் அட்டையைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். தான் வாழைக்குப் போகிறோமா ஜெராக்ஸ் இயந்திரத்துக்குப் போகிறோமா என்று மின்சாரத்துக்குத் தெரியாது. யாருக்குச் சலுகை, யாரிடம் முழு விலை என்பது விற்கிறவர் எடுத்த முடிவு. மெயின்பிரேமிலும் நடப்பது இதேதான்.

மெயின்பிரேம் செய்து விற்கும் ஐபிஎம்மின் பெட்டிக்குள் இருக்கும் செயலிகள் எல்லாம் ஒரே வார்ப்பு. ஆலையிலிருந்து வரும்போது ஒன்றுக்கொன்று எந்த வேறுபாடும் கிடையாது. வாடிக்கையாளர் எதற்குக் காசு கொடுத்தாரோ அதற்கேற்ப, அடியில் இருக்கும் நுண்நிரல் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேடம் கட்டிவிடுகிறது. ஒன்று பொதுச் செயலி, எந்த வேலையும் செய்யும். ஒன்று ஐஎஃப்எல், லினக்ஸ் மட்டும் ஓட்டும். ஒன்று 'ஸிப்', குறிப்பிட்ட சில வேலைகளை மட்டும் ஏற்கும். ஜாவா அந்தச் சிலவற்றில் ஒன்று. கோபோல் இல்லை. பிஎல்/ஒன், அசெம்பிளர், ரெக்ஸ் என்ற மற்ற மெயின்பிரேம் மொழிகளும் இல்லை.

இதில் பணம் எங்கே வருகிறது? செயலியின் விலையைக் காட்டிலும் அதன்மேல் ஓடும் மென்பொருளின் மாதக் கட்டணத்தில் வருகிறது. இசட்/ஓஎஸ் என்ற இயங்குதளம், டிபி2 என்ற தரவுத்தளம், சிஐசிஎஸ், ஐஎம்எஸ் என்ற பரிவர்த்தனை மென்பொருள்கள் இவற்றை வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்ள முடியாது. மாதாமாதம் உரிமக் கட்டணம் கட்டவேண்டும். எவ்வளவு என்பதை எம்எஸ்யூ என்ற அளவு சொல்லும். செயலி ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லியன் (பத்து இலட்சம்) சேவை அலகுகள் வேலை செய்தது என்ற கணக்கு அது. பொதுச் செயலியில் நடக்கும் வேலை மட்டும் இந்தக் கணக்கில் ஏறும். ஸிப்பில் நடப்பது ஏறாது. ஸிப்புக்கு வாங்கும்போது ஒரு விலை, பிறகு பராமரிப்புக் கட்டணம், அவ்வளவுதான். 2006இல் அது அறிமுகமானபோது அமெரிக்க விலை ஒன்றுக்கு ஏறத்தாழ 1,25,000 டாலர். கேட்க மலைப்பாக இருக்கும். மாதாமாத மென்பொருள் பில்லைப் பார்த்த கண்ணுக்கு அது மலிவு.

ஏன் இப்படி ஒரு ஏற்பாடு? கொஞ்சம் பின்னால் போகவேண்டும். 1964இல் ஐபிஎம்மின் சிஸ்டம்/360 மெயின்பிரேம் வந்தபோது மென்பொருள் இயந்திரத்தோடு சேர்ந்தே வந்தது. 1969இல்தான் ஐபிஎம் மென்பொருளுக்குத் தனியாக விலை வைக்கத் தொடங்கியது. கடைசியில் இயந்திரம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு கட்டணம் என்ற முறை வேரூன்றியது. வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் முனகிக்கொண்டே கட்டின. கோடிக்கணக்கான வரி கோபோலை எடுத்துக்கொண்டு வேறு எங்கே போவது?

ஆனால் புதிய வேலை அப்படிச் சிக்கிக்கொள்ளவில்லை. 1990களில் இணையம், ஜாவா, யூனிக்ஸ் பெட்டிகள் எல்லாம் வந்தபோது, புதிதாக ஒன்றைக் கட்ட நினைத்தவர் மெயின்பிரேமின் மாதக் கட்டணத்தைப் பார்த்ததும் வெளியே போய்விட்டார். ஐபிஎம்முக்கு இருபுறமும் நெருப்பு. எல்லோருக்கும் விலையைக் குறைத்தால் கையில் இருக்கும் வருமானம் போகும். குறைக்காவிட்டால் புதிய வேலை ஒன்றுகூட வராது. அதற்குக் கண்ட வழிதான் இந்த வேடதாரிச் செயலிகள். 2000இல் லினக்ஸுக்கு ஐஎஃப்எல். 2004இல் ஜாவாவுக்கு 'ஸாப்'. 2006இல், வலைப்பின்னல் வழியே வரும் டிபி2 வேலைகளுக்கு ஸிப். பின்னால் ஸாப்பின் வேலையையும் ஸிப்பே செய்யலாம் என்றார்கள், 2015இல் வந்த இசட்13 மெயின்பிரேமில் ஸாப்பே இல்லாமல் போனது. எந்த வேலை வெளியே ஓடிவிடக்கூடுமோ அதற்குச் சலுகை, எது ஓட முடியாதோ அதற்கு முழுக் கட்டணம். கோபோல் விலை உயர்ந்த மொழி என்று உன் குழுவில் யாராவது சொன்னால், அது ஓட முடியாத மொழி என்று திருத்திக்கொள்.

ஒரே நிரலுக்குள்ளும் இந்தக் கோடு எப்படி விழுகிறது என்பது இன்னும் வேடிக்கை. டிபி2வில் ஒரு சேமித்த செயல்முறையை (தரவுத்தளத்துக்குள்ளேயே வைத்திருக்கும் சிறு நிரலை) தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல்லிலேயே எழுதி, வெளியே ஒரு வலைத்தளத்திலிருந்து அழைத்தால், அந்த வேலையில் ஏறத்தாழ 60 விழுக்காடு ஸிப்புக்குப் போகத் தகுதி பெறும். அதே தர்க்கத்தைக் கோபோலில் எழுதி அதே வலைத்தளத்திலிருந்து அழைத்தால், அந்தக் கோபோல் பகுதி முழுவதும் பொதுச் செயலியில்தான். ஜாவாவிலிருந்து கோபோலை அழைத்தாலும் அப்படியே. ஜாவா ஸிப்பில் ஓடும், கோபோலுக்குள் நுழையும் கணத்தில் பொதுச் செயலிக்கு மாறும், திரும்பும்போது மறுபடி ஸிப்புக்கு வரும். இப்படி ஆயிரம் முறை வாசலைத் தாண்டினால், தாண்டுவதற்கே ஒரு செலவு ஆகும்.

கோபோலை ஸிப்பில் ஓட்டவே முடியாதா என்று நீ கேட்பாய். முடியும், சில்லுக்கு அதில் மறுப்பு ஒன்றும் இல்லை. சாதாரணப் பயன்பாட்டு நிரல் இசட்/ஓஎஸ்ஸில் 'டிசிபி' என்ற அமைப்பின்கீழ் ஓடுகிறது. ஜாவா போல ஐபிஎம் தனியாக அனுமதித்ததை விட்டால், ஸிப் ஏற்பது 'எஸ்ஆர்பி' என்ற வேறொரு வகை வேலையை, அதிலும் முறைப்படி அனுமதி பெற்றதை. டெக்ஸாஸ் மாநிலத்தின் நியோன் எண்டர்பிரைஸ் சாஃப்ட்வேர் என்ற நிறுவனம் 2009இல் இசட்பிரைம் என்ற மென்பொருளைக் கொண்டுவந்தது. சாதாரண வேலைகளைக்கூட இது ஸிப்புக்குத் தள்ளிவிடும். வாடிக்கையாளர்களுக்குக் கொண்டாட்டம். ஐபிஎம், இது உரிம ஒப்பந்தத்துக்கு விரோதம் என்று வாடிக்கையாளர்களை எச்சரித்தது. நியோன் வழக்குப் போட்டது, ஐபிஎம் எதிர்வழக்குப் போட்டது. 2011இல் நியோன் அந்தப் பொருளையே விலக்கிக்கொண்டதோடு கதை முடிந்தது. விவசாய இணைப்பிலிருந்து கம்பி இழுத்து சிமென்ட் கல் அறுத்த ஒருவரை எனக்குத் தெரியும். மோட்டார் ஓடியது, கல்லும் நன்றாகவே வந்தது, பிறகு வந்து பார்த்தவர்கள் அபராதச் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். இதுவும் அந்த ரகம்தான்.

இதுவரை சொன்னதை வைத்து, 'அப்படியானால் ஜாவாவுக்கு மாறுவதே லாபம்' என்று முடிவு கட்டிவிடாதே. உன் அடுத்த அறைக் குழு அங்கேதான் நிற்கிறது. பில் கணக்கிடும் விதத்தில் இன்னொரு பாதி இருக்கிறது.

குளச்சல் பக்கத்தில் ஐஸ் கம்பெனி வைத்திருப்பவர்களிடம் கேட்டுப்பார். உயர் அழுத்த இணைப்புக்காரர்களுக்கு யூனிட் கணக்கு மட்டும் கிடையாது. மாதத்தில் என்றோ ஒரு நேரம் எல்லா இயந்திரங்களும் சேர்ந்து ஓடித் தொட்ட உச்சத்துக்கென்று டிமாண்ட் கட்டணம் தனியாக வரும். மெயின்பிரேமின் மாதக் கட்டணமும் பல இடங்களில் இப்படித்தான். குறிப்பிட்ட இடைவெளிகளில், கடந்த நான்கு மணி நேரத்தின் சராசரி எம்எஸ்யூ கணக்கிடப்படுகிறது. மாதத்தின் 2ஆம் தேதி தொடங்கி அடுத்த மாதம் 1ஆம் தேதி வரை அந்தச் சராசரி எங்கே உச்சத்தைத் தொட்டதோ அந்த ஒரு புள்ளிதான் பில். மற்ற நேரமெல்லாம் இயந்திரம் உறங்கினாலும் உழைத்தாலும் ஒன்றே.

இதன் பொருள் என்னவென்று யோசி. உச்சம் காலை பத்து முதல் இரண்டு வரை என்றால், அதிகாலை மூன்று மணிக்கு ஓடும் கோபோல் பேட்ச் வேலையால், அதாவது மொத்தமாகச் சேர்த்துவைத்து ஓட்டும் வேலையால், பில்லில் ஒரு காசு கூடாது. அதை ஆறு மாதம் செலவழித்து ஜாவாவில் எழுதினால் மிச்சமும் ஒரு காசு இல்லை. நேர்மாறாக, மாதக் கடைசி இரவில்தான் உச்சம் வருகிற இடத்தில், பேட்ச் வேலையை இரண்டு மணி நேரம் தள்ளிவைத்தாலே பில் இறங்கும். மொழியை மாற்றவேண்டாம், கால அட்டவணையில் ஒரு வரியை மாற்றினால் போதும். கூட்டங்களில் இதைச் சொன்னால் யாரும் கைதட்ட மாட்டார்கள், நவீனமயம் என்று எழுதிய படக்காட்சி இல்லாததால்.

2019இல் ஐபிஎம் வேறொரு திட்டமும் கொண்டுவந்தது. அதில் உச்சத்தை விட்டுவிட்டு ஆண்டு முழுவதும் உண்ட மொத்த எம்எஸ்யூவைக் கணக்கிடுகிறார்கள். அந்தத் திட்டத்தில் இருக்கும் வாடிக்கையாளருக்கு அதிகாலை மூன்று மணியும் இலவசம் இல்லை. ஆகவே எந்த ஆலோசனைக்கும் முன்னால் கேட்கவேண்டிய கேள்வி, உங்கள் ஒப்பந்தம் எந்த வகை என்பதே.

எனக்கு இது புத்தகத்தில் வந்த அறிவு அல்ல. சென்னையில் 2000ஆம் ஆண்டுப் பிழைதிருத்த அலையில் கோபோலுக்குள் வந்து விழுந்தவன் நான். பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து வெளிநாட்டுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்கு, பிரீமியம் கணக்கிடும் கோபோல் நிரல் ஒன்றை ஜாவாவில் மாற்றி எழுதினோம். ஸிப்பில் ஓடும், கட்டணம் இல்லை என்று நானே எழுந்து நின்று சொன்னேன். சோதனைச் சூழலில் எல்லாம் அழகாக நடந்தது. உண்மையான இயந்திரத்தில் ஏற்றிய முதல் மாதம் பில் கூடிவிட்டது.

இரவு இரண்டு மணிக்கு, இயந்திரம் எதற்கு எவ்வளவு உழைத்தது என்று காட்டும் ஆர்எம்எஃப் அறிக்கையைத் திறந்து வைத்துக்கொண்டு, கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகளை ஒவ்வொரு பத்தியாகப் பார்த்தேன். ஐஐபிசிபி என்ற பத்தியில் பூச்சியம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருக்கவில்லை. அந்தப் பத்தி காட்டுவது, ஸிப்புக்குப் போகத் தகுதியிருந்தும் பொதுச் செயலியில் ஓடிய வேலையை. அந்த நிறுவனத்தில் இருந்தவை இரண்டே ஸிப்கள். அவற்றை டிபி2வும் கண்காணிப்பு மென்பொருளும் ஏற்கெனவே தின்றுகொண்டிருந்தன. எங்கள் ஜாவா வரிசையில் நின்றது. நின்றால் விடுவார்களா? ஸிப்பில் இடமில்லாவிட்டால் பொதுச் செயலி கைகொடுக்கட்டும் என்பதுதான் இசட்/ஓஎஸ்ஸின் இயல்பான அமைப்பு. அது கைகொடுத்தது. கோபோல் வடிவத்தைக் காட்டிலும் எங்கள் ஜாவா வடிவம் அதிகச் செயலி நேரம் கேட்டது. கேட்டதில் ஒரு பங்கு, மாதத்தின் உச்ச நேரத்தில், கட்டணம் ஏறும் பக்கம் வழிந்துவிட்டது. மூன்றாவது ஸிப் வாங்கிய பிறகே அமைதி. அந்த விலையை எங்கள் 'சேமிப்பு'க் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை, நானும் உட்பட.

ஜாவா ஏன் அதிகம் தின்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பணக் கணக்குக்குத் தசம எண்கள் வேண்டும். 1964ஆம் ஆண்டு சிஸ்டம்/360இலிருந்தே இந்த இயந்திரங்களுக்குள் தசமக் கூட்டல், கழித்தல், பெருக்கலுக்கு வன்பொருள் கட்டளைகள் உண்டு. கோபோலில் காம்ப்-3 (அடர்தசம வடிவம்) என்று அறிவித்த இரண்டு எண்களைக் கூட்டச் சொன்னால், கம்பைலர் (நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) ஏறத்தாழ ஒரே ஒரு தசமக் கூட்டல் கட்டளையாக அதை இறக்கிவிடும். ஜாவாவில் அதே வேலைக்குப் பிக்டெசிமல் என்ற பொருளை உருவாக்கி, கூட்டி, விடையை இன்னொரு பொருளாக வைத்து, பிறகு பயன்முடிந்த பொருள்களைக் குப்பையாகப் பெருக்கவும் வேண்டும். ஜாவாவை ஓட்டும் மெய்நிகர் இயந்திரம் சூடாகும்வரை, அதாவது அடிக்கடி ஓடும் பகுதிகளை இயந்திரக் கட்டளைகளாக மாற்றி முடிக்கும்வரை, மெதுவாகவும் ஓடும். இரண்டு நிமிடத்தில் முடியும் சிறு பேட்ச் வேலைக்கு அது சூடாவதற்குள் வேலையே முடிந்துவிடும். ஸிப்பில் கட்டணம் இல்லை என்பதால் இந்த ஊதாரித்தனம் கண்ணில் படுவதில்லை. இலவச மோட்டாரில் தண்ணீர் வாய்க்காலுக்கு வெளியே ஓடினாலும் யாரும் எழுந்து அணைக்காதது போல.

ஜாவாவுக்கு நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். சிறிய வாடிக்கையாளர்கள் பொதுச் செயலியை முழு வேகத்தில் வாங்குவதில்லை. ஐபிஎம் அதே செயலியின் வேகத்தைக் கட்டிப்போட்டு, குறைந்த விலைக்குக் கொடுக்கும். இசட்13இல் 401 என்ற மாதிரிக்கும் 701 என்ற மாதிரிக்கும் சில்லில் வேறுபாடு இல்லை, அவிழ்த்துவிட்ட வேகத்தில்தான் வேறுபாடு. ஆனால் அதே பெட்டியில் வாங்கும் ஸிப் எப்போதும் முழு வேகத்தில் ஓடும். ஆகவே சின்னப் பெட்டியில், கால் கட்டிய பொதுச் செயலியில் நடக்கும் கோபோலைக் காட்டிலும் ஸிப்பில் ஜாவா வேகமாக முடிவதும் உண்டு. புதிய சேவைகள், வலைவழி இடைமுகங்கள், எக்ஸ்எம்எல் பிரிப்பு போன்றவற்றை ஜாவாவில் எழுது என்று நானே சொல்வேன். ஓடிக்கொண்டிருக்கும் பணக் கணக்கைப் பெயர்த்து எழுதுவதில்தான் எனக்கு மனம் ஒப்புவதில்லை.

கோபோலைக் கோபோலாகவே வைத்துக்கொண்டு பில்லைக் குறைக்க முடியுமா? முடியும், அதில் எனக்குத் தனி ஆசையே உண்டு. பல நிறுவனங்களில் இன்றும் ஓடுபவை இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் கம்பைல் செய்தவை. பெட்டி புதிது, ஆனால் நிரலுக்குள் இருக்கும் கட்டளைகள் பழைய பெட்டிக்கு எழுதியவை. 2013இல் வந்த கோபோல் 5 கம்பைலரிலிருந்து, எந்தத் தலைமுறைச் செயலிக்குக் கட்டளை இறக்கவேண்டும் என்று ஆர்ச் என்ற விருப்பத்தில் சொல்லலாம். மூல நிரலில் ஒரு எழுத்தும் மாறாமல் மறு கம்பைல் செய்தாலே செயலி நேரம் குறைவதைப் பார்த்திருக்கிறேன். சோதனைக்குத்தான் ஆள் வேண்டும். பழைய நிரல்கள் செல்லாத எண்களைத் தரவுக் களத்தில் வைத்துக்கொண்டு எப்படியோ சரியான விடை தந்துகொண்டிருக்கும், புதிய கம்பைலரில் அது வெளியே வரும்.

இன்னொன்று, உன் பயிற்சி நிரலிலேயே நீ செய்து பார்க்கக்கூடியது. அட்டவணை ஒன்றைச் சுற்றிவர நீ ஒரு எண்ணியை அறிவித்திருப்பாய். 'பிக் 9(5)' என்று மட்டும் எழுதி விட்டுவிட்டாயா? அப்படியானால் அது எழுத்து வடிவ எண். அட்டவணையின் ஒவ்வொரு இடத்தைத் தொடும்போதும் இயந்திரம் அதை முதலில் அடர்தசமமாக அமுக்கி, பிறகு இருமமாக மாற்றி, அப்புறம்தான் முகவரி கணக்கிடும். பத்து இலட்சம் சுற்றுக்குப் பத்து இலட்சம் தடவை இந்தக் கூத்து. பின்னால் 'காம்ப்' என்று ஒரு சொல் சேர்த்தால், அல்லது அட்டவணைக்கே குறியெண் அறிவித்துவிட்டால், இரண்டு மாற்றங்களும் காணாமல் போகும். உச்ச நேரத்தில் ஓடும் நிரலில் இப்படி ஒரு சொல்லைச் சேர்த்ததுதான் என் வாழ்க்கையில் நான் செய்த மலிவான சேமிப்பு. மூன்றாவது ஸிப் வாங்க வைத்த அதே ஆள்தான்.

செத்த பாடமா என்று கேட்டாயே. மாற்றி எழுதும் குழுவுக்கே கோபோல் படிக்கத் தெரிந்த ஆள்தான் முதலில் வேண்டும். முப்பது ஆண்டு முந்தைய நிரலில் எதற்காக அந்த ஐந்தாவது நிபந்தனை என்று புரியாமல் அதை ஜாவாவில் எழுதினால், ஜாவாவில் இன்னொரு புரியாத நிபந்தனை இருக்கும். கோபோலை முடித்துவிட்டு ஜாவாவையும் படி. இரண்டோடும் சேர்த்து ஆர்எம்எஃப் அறிக்கை படிக்கவும் இயந்திரம் தானே எழுதிவைக்கும் எஸ்எம்எஃப் பதிவுகளைப் புரட்டவும் கற்றுக்கொள். மொழி தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பில் எங்கே ஏறுகிறது என்று விரல் வைத்துக் காட்டத் தெரிந்தவர்கள் எந்தக் குழுவிலும் இரண்டு பேருக்கு மேல் இருந்து நான் பார்த்ததில்லை.

நாளைக்குப் போனதும் அடுத்த அறைக்காரர்களிடம் மூன்றே விஷயம் விசாரி. வாடிக்கையாளர் கட்டுவது உச்சத்துக்கா மொத்தத்துக்கா, உச்சம் என்றால் அது எந்த நேரம், ஐஐபிசிபி பத்தியில் இப்போது என்ன எண் இருக்கிறது. மூன்றாவதற்குப் பதில் வராமல் இழுத்தால் பதறாதே, எனக்கும் அன்று தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை வரும்போது உன் பயிற்சி நிரலின் கம்பைல் பட்டியலைக் கொண்டு வா. பயிற்சி நிரலை மட்டும், வாடிக்கையாளருடையது ஒரு தாள்கூட வெளியே வரக்கூடாது. அந்த எண்ணிக்குக் கம்பைலர் என்ன கட்டளை இறக்கியிருக்கிறது என்று திண்ணையில் உட்கார்ந்து பார்க்கலாம்.